திரையில் பெயர் வராத வேலை: டர்பனில் ஸ்டூடியோ எக்ஸிகியூட்டிவாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "இந்த வாரம் என்ன படித்தீர்கள்?" என்றுதான். என்ன படம் பார்த்தோம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், வெருலம் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் சினிமா ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்டூடியோவுக்குள் மேசை போட்டு உட்கார்ந்து செய்யும் இந்த வேலையில் பார்ப்பதைவிடப் படிப்பது அதிகம். படித்ததற்குக் காலத்தோடு பதில் சொல்வது அதைவிட முக்கியம். டர்பனில் 12 வருஷமாக நான் செய்வது இதைத்தான். எதை எந்த வரிசையில் கற்றுக்கொள்வது என்று எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. உங்களுக்காவது இருக்கட்டும்.

பெயர்க் குழப்பம்

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழ்ப் படங்களின் டைட்டிலில் 'தயாரிப்பு நிர்வாகி' என்று ஒரு பெயர் வரும். அவர் படப்பிடிப்புத் தளத்து ஆள். வண்டி, சாப்பாடு, பேட்டா, கால்ஷீட் எல்லாம் அவர் தலையில்தான். 'நிர்வாகத் தயாரிப்பாளர்' என்று வருபவர் பணம் கொண்டுவந்தவராகவோ, கணக்கைக் கவனித்தவராகவோ இருக்கலாம். ஸ்டூடியோ எக்ஸிகியூட்டிவ் இவர்கள் இருவரும் இல்லை. அவர் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர். தயாரிப்பாளர் தன் ஒரு படத்துக்காக மல்லுக்கட்டுவார். எக்ஸிகியூட்டிவுக்கு அந்த வருஷம் கம்பெனி எடுக்கிற அத்தனை படமும் பொறுப்பு. எந்தக் கதையை வாங்குவது, யாரை வைத்து எழுதச் சொல்வது, எவ்வளவு செலவில் எடுப்பது, எப்போது வெளியிடுவது என்று ஒவ்வொன்றிலும் அவர் கை இருக்கும்.

சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 'கதை இலாகா' என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கதையைப் பேசிப் பேசிச் செதுக்குவார்கள். இந்த வேலையில் பாதி அதுதான். ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். கம்பெனியின் தயாரிப்புத் தலைவராக இருந்த இர்விங் தால்பெர்க், தன் மேற்பார்வையில் வந்த படங்களில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. 1936-இல், 37 வயதில் அவர் இறந்தார். அடுத்த வருஷம் வெளியான ஒரு படத்தை அவருக்குக் காணிக்கையாக்கினார்கள். அப்போதுதான் அவர் பெயர் திரையில் வந்தது. இன்றைக்கும் எக்ஸிகியூட்டிவ்களின் பெயர் டைட்டிலில் பெரும்பாலும் வராது. பெயர் வர வேண்டும் என்ற ஆசை மனதில் இருந்தால் இயக்கத்துக்கோ தயாரிப்புக்கோ போய்விடுங்கள். அதில் தவறே இல்லை.

இந்த நாட்டுக்கும் ஸ்டூடியோ புதிதில்லை. 1915-இல் ஷ்லெசிங்கர் என்பவர் தொடங்கிய ஆப்பிரிக்கன் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் ஜோகன்னஸ்பர்க்கின் கில்லார்னியில் ஸ்டூடியோ வைத்திருந்தது. இன்றைய பெரிய இடம் 2010-இல் திறந்த கேப் டவுன் ஃபிலிம் ஸ்டூடியோஸ். அங்கே எடுக்கப்படும் வெளிநாட்டுத் தொடர்களுக்கும் படங்களுக்கும் முடிவெடுக்கிறவர்கள் லாஸ் ஏஞ்சலஸிலோ லண்டனிலோ இருப்பார்கள். டர்பனில் கம்பெனிகள் சிறியவை. பெரிய ஸ்டூடியோவில் கதைப் பிரிவு, தயாரிப்புப் பிரிவு, சட்டம், விளம்பரம் என்று நாலு பேர் பார்க்கும் வேலையை இங்கே ஒரே ஆள் பார்க்க வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ள வருபவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி.

முதல் படி: படித்து அறிக்கை எழுதுவது

சேர்ந்த அன்றே நாலைந்து திரைக்கதைகள் மேசையில் வந்து விழும். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிஷப் படம் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 110 பக்கம் என்றால் ஒரு மணி 50 நிமிஷம். படம் பார்ப்பதுபோல ஒரே மூச்சில் படியுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். எந்த வரியில் மனம் வேறெங்கோ போனதோ அந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். காரணம் எழுத வேண்டாம். இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் கோடுகள் ஒரே பகுதியில் கூட்டமாக இருக்கும். பெரும்பாலும் நோய் அந்தப் பக்கத்தில் இருக்காது. அதற்கு 20 பக்கம் முன்னால், ஏதோ ஒரு பாத்திரம் என்ன வேண்டுமென்று சொல்லாமல் விட்ட இடத்தில் இருக்கும்.

அறிக்கை இரண்டு பக்கம் போதும். மேலே கதை ஒரே வாக்கியத்தில். அப்புறம் முடிவையும் சேர்த்துக் கதைச் சுருக்கம். மேலதிகாரிக்கு முடிவை மறைத்து ஆவலைத் தூண்டுகிற வேலை இங்கே கிடையாது. அதன் பிறகு உங்கள் கருத்து. கடைசி வரியில் மூன்றில் ஒரு சொல்: வேண்டாம், யோசிக்கலாம், எடுக்கலாம்.

புதியவர்கள் எல்லோரும் 'யோசிக்கலாம்' என்ற சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். அதை எழுதினால், என்ன மாறினால் 'எடுக்கலாம்' ஆகும் என்றும் எழுதியாக வேண்டும். எழுத முடியவில்லையா, அது 'வேண்டாம்'தான்.

வருகிற கதைகளில் மிகப் பெரும்பாலானவை 'வேண்டாம்' பக்கம்தான் போகும். அதனால் மறுப்பு எழுதுவதை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். நான் மூன்று வாரத்துக்குள் பதில் போட்டுவிடுவேன். பதிலே போடாமல் விடுவதை நான் அவமரியாதையாகத்தான் நினைக்கிறேன். இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதிய மனிதர் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

டொங்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் நடக்கும் கதை ஒன்றை அனுப்பினார். 142 பக்கம். நான் எழுதிய பதில் இவ்வளவுதான்: "ஐயா, பாட்டி பேசும் எட்டுக் காட்சிகளையும் இரண்டு முறை படித்தேன். மற்ற பக்கங்களில் அவர் இல்லை. அங்கேயெல்லாம் கதை என் கையை விட்டுப் போய்விடுகிறது. அதனால் எங்களால் எடுக்க முடியவில்லை." ஒன்றரை வருஷம் கழித்து அவரே நேரில் வந்தார், 96 பக்கத்தோடு. முதல் பக்கத்திலேயே பாட்டி விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை வாங்கினோம். வெறுமனே 'எங்களுக்குப் பொருந்தவில்லை' என்று எழுதியிருந்தால் அவர் வேறு எங்கேயாவது போயிருப்பார், அல்லது எழுதுவதையே விட்டிருப்பார்.

இரண்டாம் படி: எழுத்தாளருக்குக் குறிப்பு

கதையை வாங்கிய பிறகு அடுத்தடுத்த வடிவங்களுக்குக் குறிப்பு கொடுப்பது உங்கள் பொறுப்பு. என் முதல் குறிப்புக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். 31 குறிப்புகள், வரிசை எண் போட்டு. சென்னையிலிருந்து வந்து இங்கே எங்கள் கதைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் எனக்கு மேலதிகாரி. சிவப்புப் பேனாவை எடுத்தவர், பேசாமல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மூன்றுதான் மிச்சம்.

"தம்பி, நீ சொன்ன 31-ம் சரிதான். ஆனா அவர் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்க வேண்டியது இந்த மூணுதான். மத்த 28-உம் இது சரியானா தானா சரியாயிடும்."

"பாட்டு வர்ற இடம் தப்புன்னு சொன்னேனேக்கா, அது?"

"அது ஏன் தப்பா தெரியுதுன்னு பார். அந்த அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல என்ன சண்டைன்னே நமக்கு இன்னும் தெரியல. அதைக் கேளு. பாட்டு தானா நகரும்."

அன்றிலிருந்து என் வழக்கம் இது. முதலில், எது நன்றாக இருக்கிறதோ அதை இடம் சுட்டிச் சொல்லிவிடுவேன், அதைத் தொட்டுவிடக் கூடாதே என்பதற்காக. பிறகு மூன்று, மிஞ்சினால் நாலு கேள்வி. பரிகாரம் சொல்ல மாட்டேன். "அம்மாவைச் சாகடித்துவிடுங்கள்" என்பது பரிகாரம். "அம்மா இருக்கும்வரை அவன் வீட்டைவிட்டுப் போவான் என்று என்னால் நம்ப முடியவில்லை" என்பதுதான் குறிப்பு. வழி கண்டுபிடிப்பது எழுத்தாளர் வேலை, அவர் கண்டுபிடிப்பது நம்முடையதைவிட நன்றாகவே இருக்கும். இன்னொன்று. கம்பெனியில் ஐந்து பேர் ஐந்து விதமாகக் கருத்து சொல்வார்கள். அதை எல்லாம் அப்படியே அனுப்பாதீர்கள். உள்ளே சண்டை போட்டு முடித்து, ஒரே குரலாக்கி அனுப்புவது உங்கள் கடமை.

மூன்றாம் படி: கையெழுத்து

இதில் நான் அடி வாங்கியிருக்கிறேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கதையை உடனே விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். ஒரு சிறு தொகை கொடுத்து, 12 அல்லது 18 மாதத்துக்கு, வேறு யாருக்கும் விற்காமல் எங்களுக்கே வைத்திருக்கும்படி ஒப்பந்தம் போடுவார்கள். அதை ஆப்ஷன் என்பார்கள். அந்தக் காலத்துக்குள் பணம் திரட்டிவிட்டால் பேசிய முழுத் தொகையையும் கொடுத்து வாங்கலாம். காலம் தாண்டினால் கதை எழுதியவருக்கே திரும்பிப் போய்விடும். காலாவதித் தேதியைக் காலண்டரில் இரண்டு இடத்தில் குறித்து வையுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படம் உருவாவதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரையே அதன் ஆக்குநர் என்கிறது. நிறையப் பேர் இயக்குநர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தப் படத்துக்கு அடியில் இருக்கும் திரைக்கதை, பாட்டு, மூல நாவல் எல்லாம் தனித்தனிச் சொத்து. அந்த உரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சில் உரிமை கைமாறாது.

என் மூன்றாவது படத்தில் தமிழ் வசனங்களைச் சரிபார்த்துக் கொடுத்த நண்பர் ஒருவர், போகப் போகப் பத்துப் பன்னிரண்டு காட்சிகளுக்கு வசனமே எழுதிவிட்டார். எல்லாம் வாட்ஸ்அப்பில். கையெழுத்து வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படம் முடிந்து வெளிநாட்டில் ஒருவர் வாங்க வந்தபோது அவருடைய வக்கீல் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார்கள், யாரிடமிருந்து யாருக்கு உரிமை வந்தது என்று வரிசையாகக் காகிதம் கேட்டார். நண்பர் அதற்குள் பெர்த்துக்குக் குடிபோயிருந்தார். பணம் கேட்டார், அது நியாயமும்கூட. பேசி முடித்துக் கையெழுத்து வர 11 வாரம் ஆனது. அதற்குள் வாங்க வந்தவர் விலகிவிட்டார். முழுக்க என் கவனக்குறைவு. இப்போது ஒரு வரி எழுதுகிறவரிடமும், எழுதுவதற்கு முன்பே, ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். நண்பரிடம்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.

நான்காம் படி: பச்சைக்கொடிக்கு முன் கணக்கு

படம் எடுக்கலாம் என்று கடைசியாகத் தலையசைப்பது கம்பெனித் தலைவராக இருக்கும். அவர் தலையசைக்கத் தேவையான கணக்கைப் போட்டு மேசையில் வைப்பது நீங்கள். ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். டிக்கெட் 115 ராண்ட் என்று வையுங்கள். அதில் 15 சதவீத வாட் வரியாக 15 ராண்ட் போனால் மிச்சம் 100. தியேட்டர் பாதியை எடுத்துக்கொண்டால் 50. விநியோகஸ்தருக்கு 30 சதவீதக் கமிஷன் என்று பேசியிருந்தால் 15 போய் 35. அந்த 35-லிருந்து முதலில் விளம்பரச் செலவைக் கழிப்பார்கள். படத்தின் செலவு 5 மில்லியன், விளம்பரத்துக்கு 1 மில்லியன் என்றால் 1,71,000-க்கு மேல் டிக்கெட் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். கிட்டத்தட்ட சாட்ஸ்வொர்த் சனம் முழுக்க வந்து பார்த்தால்தான் எட்டும் என்று அப்போதுதான் தெரியும்.

தியேட்டரை மட்டும் நம்பிக் கணக்குப் போட முடியாது என்பது இதனால்தான். தொலைக்காட்சி, ஓ.டி.டி., வெளிநாட்டு விற்பனை, தேசிய ஃபிலிம் அண்ட் வீடியோ அறக்கட்டளையின் நிதி, வணிகம், தொழில், போட்டித் துறையின் ஊக்கத்தொகை என்று ஐந்தாறு வாய்க்காலிலிருந்து தண்ணீர் சேர்க்க வேண்டும். ஊக்கத்தொகைத் திட்டம் 2004-இல் வந்தது. அது செலவு செய்து கணக்குக் காட்டிய பிறகு திரும்பி வரும் பணம் என்பதை மறக்காதீர்கள். நிலுவைகளுக்காகத் திரைத்துறையினர் 2025-இல் கேப் டவுனில் ஊர்வலமே போனார்கள். அந்தத் தொகையை நம்பிக் கடன் வாங்கினால் வட்டியையும் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று 10 சதவீதம் தனியாக இருக்கட்டும். படம் முடியும் என்று உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாது. கேமரா, லென்ஸ் வாடகை டாலரில் பேசியிருந்தால் ராண்ட் விழும்போது அந்த 10 சதவீதம் எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்பு நடக்கும்போது

தளத்தில் உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. போங்கள், வணக்கம் சொல்லுங்கள், ஒரு ஓரமாக நில்லுங்கள். நடிகரிடம் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொல்ல வேண்டியதைத் தயாரிப்பாளர் வழியாக இயக்குநரிடம் சொல்லுங்கள். உங்கள் வேலை தினமும் இரவு வரும் அறிக்கையில். இன்று எத்தனை காட்சி திட்டம், எத்தனை முடிந்தது, கூடுதல் நேரம் எவ்வளவு? மூன்று நாள் தொடர்ந்து அரைப் பக்கம், முக்கால் பக்கம் என்று பின்தங்கினால் நாலாம் நாளே பேசுங்கள். மூன்றாம் வாரம் பேசிப் பயனில்லை.

தொடங்குமுன் சில காகிதங்களை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். 15 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் நடித்தால் தொழிலாளர் துறை அனுமதி கட்டாயம். கலவரத்தால் வரும் சேதம் சாதாரணக் காப்பீட்டில் வராது, அதற்குச் சஸ்ரியா என்ற அரசுக் காப்பீடு தனியாக வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தை இந்த மாகாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மின்வெட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜெனரேட்டர் தயாராக இருக்கட்டும்.

கோயிலில் படமெடுப்பதென்றால் நீங்களே நேரில் போய்க் கோயில் கமிட்டியைப் பாருங்கள். காவடியோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதியோ, விரதமிருந்து வருகிறவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட முடியாது. எங்கே நிற்கலாம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், யார் முகம் வரக் கூடாது என்று கேட்டு எழுதி வாங்கி, அந்தக் காகிதத்தைக் கேமராமேன் கையில் கொடுங்கள். கமிட்டிப் பெரியவர்கள் வருத்தப்படும்படி ஒரு தடவை நடந்தால் அடுத்து வரும் எந்தக் கம்பெனிக்கும் அந்தக் கதவு திறக்காது.

எடிட்டிங் முதல் ஒப்படைப்பு வரை

முதல் வெட்டு எப்போதும் நீளமாக, மனதைக் கலங்கடிப்பதாக இருக்கும். பயந்து அன்றைக்கே குறிப்பு எழுதாதீர்கள். ஒரு இரவு தூங்கி எழுந்து எழுதுங்கள். அப்புறம் 30, 40 பேரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். நான் கேள்வித்தாளைவிட நாற்காலிகளைத்தான் நம்புகிறேன். பின்வரிசையில் நின்று பார்த்தால் எந்தக் காட்சியில் ஆட்கள் நெளிகிறார்கள், யார் போனை எடுக்கிறார்கள் என்று தெரியும்.

முதல் பிரதி தயாரானால் வேலை முடியாது. வாங்குபவர் கேட்கும் பட்டியல் நீளம். வசனம் இல்லாமல் இசையும் ஒலிகளும் மட்டும் இருக்கும் தனித் தடம் வேண்டும், அது இல்லாவிட்டால் வேறு மொழியில் டப் செய்ய முடியாது. சப்டைட்டில் கோப்பு, ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமைக் காகிதம், நடிகர் ஒப்பந்தங்கள், ஸ்டில்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். ஸ்டில்லைப் படப்பிடிப்பிலேயே எடுக்கவில்லை என்றால் பிறகு எடுக்க வழியே இல்லை. இங்கே தியேட்டரில் போட ஃபிலிம் அண்ட் பப்ளிகேஷன் போர்டின் வயதுச் சான்றும் வேண்டும். 13 கிடைப்பதற்கும் 16 கிடைப்பதற்கும் நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் முழுதாகப் போய்விடும். ஆகவே எந்தச் சொல், எந்த அடிதடிக் காட்சி அந்த வித்தியாசத்தைக் கொண்டுவரும் என்று எடிட்டிங்கிலேயே பேசிவிடுங்கள்.

உள்ளே வருவது எப்படி

உதவியாளர் மேசைதான் வாசல். போன் எடுப்பது, யார் எப்போது அழைத்தார்கள், யாருக்குத் திருப்பிப் பேச வேண்டும் என்று பட்டியல் வைப்பது. சின்ன வேலையாகத் தெரியும். ஆறு மாதத்தில் இந்தத் தொழிலில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது உங்கள் தலைக்குள் வந்துவிடும். சென்னையில் மதியம் 12 என்றால் இங்கே காலை 8.30. லாஸ் ஏஞ்சலஸ் நம்மைவிட 9 அல்லது 10 மணி நேரம் பின்னால். இந்தக் கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கும் உதவியாளரை எந்தக் கம்பெனியும் விடாது.

1979 முதல் நடக்கும் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவும், அதையொட்டி 2010-இல் தொடங்கிய டர்பன் ஃபிலிம்மார்ட் என்ற திரைப்படச் சந்தையும் நம் ஊரிலேயே இருப்பது பெரிய பாக்கியம். மற்ற நாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள், நமக்கு டாக்ஸி போதும். தன்னார்வலராகப் போய், கதை சொல்பவர்கள் வாங்குபவர்களிடம் எப்படிப் பத்து நிமிஷத்தில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். தமிழ் தெரிந்திருப்பதையும் குறைவாக எண்ணாதீர்கள். சென்னையிலிருந்து இங்கே படமெடுக்க வருபவர்களின் பேச்சையும் டர்பன் குழுவின் பேச்சையும் ஒருசேரப் புரிந்துகொள்கிற ஆள் கிடைப்பது அரிது.

சரி, இன்றைக்கே தொடங்க ஒரு காரியம். தெரிந்த ஒருவரின் படமாகாத திரைக்கதையைக் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்னபடி பென்சிலோடு படித்து, இரண்டு பக்க அறிக்கை எழுதி, கடைசி வரியில் அந்த மூன்றில் ஒரு சொல்லைப் போடுங்கள். எழுதியவருக்கு அதை மூன்று வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். வேலை கேட்டு எங்களிடம் வரும்போது அதன் நகலைக் கொண்டுவாருங்கள், நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.